அறுபதுக்குக் கீழே

பவானிபூர்,
ஞாயிறு காலை

குட்டிம்மாவுக்கு,

பிரஷர் மாத்திரை விஷயத்தில், உன் வார்டு நோயாளிகளுக்குச் சொல்வதைப் போல நீ சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன். நாடி பார்த்த பிறகுதான் மாத்திரை. அறுபதுக்குக் கீழே இருந்தால் போடாமல் உனக்கு ஃபோன் செய்ய வேண்டும். நானாக நிறுத்தக் கூடாது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்திருப்பதும் இல்லை.

நாடியை மட்டும் நான் பார்ப்பதில்லை. எனக்கு எண்ணிக்கை தவறிவிடும் என்று உன் அப்பாவுக்குத் தெரியாதா? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் தலையை ஆட்டுவார். விரல்கள்தான் ஐஸ் மாதிரி இருக்கின்றன.

“இந்த மாத்திரைக்குக் கை ஜில்லுன்னு ஆகும், கண்டபடி கனவும் வரும். அது உன் விரல்தாம்மா” என்று அவருடைய தலைத்திவசத்துக்கு வந்தபோது சொன்னாய். சரி என்றேன். உன்னோடு வாதாட யாரால் முடியும்?

இன்று அவர் தலையை ஆட்டவில்லை. மாத்திரை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டார். கீழ் வீட்டு பெங்காலி அண்ணி, அதான் நம் பௌதியைக் கூப்பிட்டு மிஷினில் பார்த்தேன். நாற்பத்து நான்கு. நீ டியூட்டியில் இருப்பாய் போல, ஃபோனை எடுக்கவில்லை. பௌதி டாக்டரை அழைத்துவரப் போயிருக்கிறாள்.

எனக்குப் படபடப்பே இல்லை. அதுவும் மாத்திரையால்தானா?

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையை அப்பா இன்னும் விடவில்லை.

அம்மா