பணம் வராத மாதம்

ஜூன் 2

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

இங்கே என் பிழைப்பு ஓடுகிறது. அங்கே நீங்கள் மூவரும் அதைவிட நன்றாக இருந்தால் போதும்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். இந்த மாதம் கோர்ட்டு சொன்ன பணத்தில் பாதி மட்டும் அனுப்பட்டுமா? மீதியில் ரயில் டிக்கெட் எடுத்துவிடுவேன். போன தடவை வந்தபோதே நம் சின்னவன் குண்டன் என்னைக் கண்டதும் உன் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவன் முழுசாக மறப்பதற்குள் ஒருமுறை வந்துவிட வேண்டும்.

பட்டறை முதலாளியிடம் முன்பணம் கேட்டுக் கேட்டு, இப்போது என்னைக் கண்டாலே அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். லேத் மெஷினை விற்கலாமென்றால் அது அவருடையது.

அவர்களுடைய அப்பா

ஜூன் 9

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

லேத் மெஷினை விற்கும் யோசனையைப் படித்துச் சிரித்தேன். பாதிப் பணம் என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

முடியாது. துணிக்கடையில் பில் போட்டு நான் வாங்குவது சாப்பாட்டுக்கே இழுபறி. வாடகையும் பள்ளிக்கூடமும் உங்கள் பணத்தில்தான் ஓடுகின்றன. நீங்கள் வருகிற மாதமெல்லாம் பணம் வருவதில்லை. மார்ச்சில் வந்துபோனீர்கள், அந்த மாதம் வீட்டுக்காரரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? கோபப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அனுப்பிவிடுங்கள்.

அவர்களுடைய அம்மா

ஜூலை 14

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

ஜூன் பணம் முழுசாகக் கிடைத்திருக்கும். இந்த மாதம் அனுப்ப முடியவில்லை. லேத்தில் கை மாட்டி இரண்டு விரலில் தையல். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. இன்றைக்குப் புரட்டிவிடலாம், நாளைக்குப் புரட்டிவிடலாம் என்று உனக்கு எழுதாமல் இருந்துவிட்டேன். கேஸ் போடுவதானால் போடு, குறை சொல்லமாட்டேன்.

இடது கையால் எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள். கையைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

அவர்களுடைய அப்பா

ஜூலை 19

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

விரல் எப்படி இருக்கிறது? அதை முதலில் கேட்டுவிடுகிறேன். இதற்குமேல் கோபமாகத்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின சனிக்கிழமை, நான் கடையிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளைக் காணோம். தெருவெல்லாம் தேடிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பார பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நம் வாயாடி, தம்பிக்குத் தலைவாரிவிட்டு நல்ல சட்டை மாட்டி அழைத்து வந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒவ்வொரு ரயிலாகப் பார்த்திருக்கிறார்கள். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவள் அசையவில்லை.

"இந்த மாசம் பணம் வரலைல்லம்மா? அப்ப அப்பா வர்றாங்கன்னுதானே?" என்றாள்.

ஒன்பது வயசுப் பிள்ளை தானாக இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. பணம் வந்தால் அப்பா வரமாட்டார், வராவிட்டால் வருவார். இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். முன்னாலேயே ஒரு வரி எழுதியிருந்தால் என் பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்திருக்குமா?

மாத முடிவுக்குள் வாடகை வராவிட்டால் சாமானைத் தெருவில் வைத்துவிடுவேன் என்கிறார் வீட்டுக்காரர். எனக்குக் கேட்க வேறு ஆளில்லை.

அவர்களுடைய அம்மா

ஜூலை 25

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். டிக்கெட், வாடகை, இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். நேராக ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் எந்த ஊர் என்று கேட்டார்கள். வரிசையை விட்டு விலகி, போஸ்ட் ஆபீசுக்கு நடந்தேன். வாடகையைக் கொடுத்துவிடு. பணம் வந்ததை மட்டும் வாயாடியிடம் சொல்லிவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அவர்களுடைய அப்பா

ஜூலை 30

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே மணியார்டர் வந்துவிட்டது. கதவைத் திறந்தவள் வாயாடிதான். தபால்காரர் நோட்டுகளை எண்ணுவதைப் பார்த்ததும் ஓடிவந்து என் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. திருப்பி அனுப்பிடும்மா."

தபால்காரர் பாவம், பேனாவை நீட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். மாடிப்படியில் வீட்டுக்காரர் காத்திருந்தார்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அவர்களுடைய அம்மா