முன் போர்க்கில் நீ போட்ட துளை

இன்று காலை ஒருவர் நம் கடைக்கு வந்து, நீல சைக்கிளின் முன் பிரேக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தேன். போன் வெளிச்சத்தை அடித்து, முன் சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் போர்க்கின் தலையில் நீ போட்ட துளையைக் குனிந்து பார்த்தார். சோற்றில் முடி கிடந்ததுபோல முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய் இரண்டு வருடமாகிறது. நீ உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. நாள் முழுக்க உன் பேச்சைக் கேட்டுக் காது புளித்தவனுக்கு அதற்கு என்ன தேவை இருந்தது?

தெல்தோட்டையில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம் என்பதற்காக உன்னோடு கூட்டுச் சேர்ந்தது என் மடத்தனம். அம்பிட்டிய ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. ஜப்பானில் ஓட்டிக் கழித்த சைக்கிள்கள் கொழும்புக்கு வந்து இறங்கும், நாம் லொறியில் ஏற்றி வந்து துடைத்து விற்போம். மேசன் பாஸ், தச்சு பாஸ் போல நீ சைக்கிள் பாஸ். வருகிறவர்கள் 'பாஸ் உன்னே' என்று சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிட்டால் உனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும். மதிப்புப் போடுவது உன் வேலை. அந்த வேலையை நீ செய்த அழகு இருக்கிறதே! மணியை ஒரு தரம் அடிப்பாய். டயரை உதைப்பாய். சீட்டைத் தட்டுவாய். பிறகு தகரக் கூரையைப் பார்த்து ஒரு விலை சொல்வாய். சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை, பிரேமில் இருக்கும் எழுத்தைப் படித்ததில்லை. அதையும் நம்பி வாங்கிப் போனார்கள் சனங்கள்.

அந்த நீல சைக்கிள் வந்த அன்று நீ மணியைத் தேடினாய். மணி இல்லை. பிரேக்கும் இல்லை, மட்கார்ட்டும் இல்லை. பின் சக்கரத்தைச் சுற்றினால் பெடலும் சேர்ந்து சுற்றியது. பெடலை நிறுத்தினால் சக்கரமும் நின்றது.

"ப்ரீவீல் இறுகிப்போச்சுடா," என்றாய். "கப்பல்ல வந்ததுல்ல, உப்புக் காத்து."

அது இறுகவில்லை, பெடலை விட்டாலும் சக்கரத்தை ஓடவிடும் ப்ரீவீலே இல்லாமல் செய்யப்பட்டது என்று எனக்குத் தெரியும். நீ டீ குடிக்கப் போன நேரத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்திருந்தேன். பின் சக்கரம் மாட்டும் வாய் இரண்டும் பின்பக்கம் பார்த்துத் திறந்திருந்தன. கியர் கம்பி போக ஒரு வளையம் இல்லை, தண்ணீர்ப் போத்தல் மாட்டத் துளை இல்லை. பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் இரண்டு மரைகள்: பல்சக்கரத்துக்கு ஒன்று, அது கழன்று வராமல் இறுக்கும் பூட்டு வளையத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும் இன்னொன்று. பெடல் தண்டு போகும் குழாயின் அடியில், கிரீஸைத் துடைத்தால் தெரிகிற சின்ன முத்திரை ஒன்று. ஓடுபாதைப் பந்தயத்துக்கென்று கையால் ஒட்டிய பிரேம். இப்போது இணையத்தில் கியர் இல்லாத எந்தத் தகர டப்பாவையும் 'பிக்ஸி' என்று போட்டு விற்கிறார்களே, அந்தக் குப்பை இல்லை. முன் போர்க்கில் பிரேக் பூட்டத் துளையே இல்லாமல் வந்த அசல் சாமான். அந்த ஒன்றை விற்றால் கொட்டகையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் விற்ற மாதிரி.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு முந்திய கிழமை ஒரு வாடிக்கையாளர் முன்னால் என்னைக் காட்டி, "இவரு படிச்சவருங்க, நட்டு எந்தப் பக்கம் திருகும்னு தெரியாது," என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். அதனால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உன் அறிவு எவ்வளவு என்று உனக்கே ஒரு நாள் தெரியட்டும் என்று காத்திருந்தேன்.

நீ என் எதிர்பார்ப்பை ஏமாற்றவில்லை. சக்கரத்தை ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாய். எதிர்மரை வளையத்தை நேர்மரை என்று நினைத்து உளியும் சுத்தியலும் வைத்து அடித்தாய். மரை சிராய்ந்து வெள்ளையாக உதிர்ந்தது. நட்டு எந்தப் பக்கம் திருகும் என்று தெரியாதவன் யார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கழற்றியதைப் பழைய இரும்பு டின்னில் எறிந்துவிட்டு ப்ரீவீல் ஒன்றைப் பூட்டினாய். பிறகு துளையிடும் மெஷினை எடுத்தாய்.

"போர்க்கப் புடிடா, ஆடாம."

பிடித்தேன். ஆடாமல் பிடித்தேன். அந்த நீலப் பெயின்ட் சுருள் சுருளாக என் கைமேல் விழுந்தது.

பிரேக்கைப் பூட்டி, லீவரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாய். எந்த சைக்கிளையும் அப்படி இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் நீ வெளியே விட்டதில்லை. எண்ணெய் போட மறந்திருக்கிறாய், அதை மறந்ததில்லை. அதற்குப் பிறகுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன், முத்திரையைக் காட்டினேன், கைவிட்டுப் போன விலையையும் சொன்னேன். நீ வெட்கப்படுவாய் என்று ஆசையோடு எதிர்பார்த்தேன்.

"பிரேக் இல்லாம கண்டியில எவன்டா ஓட்டுவான்?" என்றாய். "ஏறுனா மேடு, எறங்குனா பள்ளம். தெரிஞ்சிருந்தாலும் ஓட்டை போட்டிருப்பேன், போ."

அதோடு பேச்சு முடிந்தது. தப்பு செய்தவனுக்கு ஒரு கூச்சமாவது வர வேண்டாமா?

அந்த சைக்கிளை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். நீ பூட்டிய ப்ரீவீலைக் கழற்றிவிட்டு, பழைய இரும்பு டின்னைக் கிளறிப் பல்சக்கரத்தையும் நசுங்கிய வளையத்தையும் தேடி எடுத்துப் பூட்டினேன். மரை பாதி போயிருந்தது எனக்குத் தெரியும். உன்மேல் இருந்த இளக்காரத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. பிரேக்கைக் கழற்றி வீசினேன். மறுநாள் வந்து பார்த்தால் பிரேக் இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி கழற்றினேன், மறுபடி பூட்டினாய். நாலாம் தரம் எனக்கு அலுத்துப்போய் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு காலை, அம்பிட்டியவிலிருந்து ஏரிப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பஸ், ஆளை இறக்க நின்றது. வழக்கம்போலப் பெடலை எதிர்த்து மிதித்தேன். டக் என்று ஒரு சத்தம். கால் இரண்டும் சும்மா பின்னால் சுற்றின. வளையம் மரையை விட்டுக் கழன்று, பல்சக்கரமும் அதோடு கழன்றுவிட்டது. அந்த சைக்கிளை நிறுத்த அந்த இறக்கத்தில் இருந்தது ஒரே ஒரு சாமான். கை தானாகப் போய் லீவரைப் பிடித்தது. பஸ்ஸின் பின் கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். உள்ளே இருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என்னைப் பார்த்துக் கையாட்டியது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தேன். நீ ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய்.

"ஏன்டா கை நடுங்குது?"

"மேடு. தள்ளிக்கிட்டு வந்தேன்," என்றேன்.

நீ என் கையையும் பார்த்தாய், கழன்று தொங்கிய சங்கிலியையும் பார்த்தாய், குனிந்து டியூபைத் தேய்த்தாய். விளங்கியதா, இல்லையா? உன் மண்டைக்கு எது விளங்கும், எது விளங்காது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கடைசிப் பதினொரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். இதைச் சொல்லவில்லை. சொன்னால் நீ வார்ட் முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பாய் என்று பயம். உன்னிடம் தோற்பதைவிட நீ இது தெரியாமலே போய்ச்சேர்வது மேல் என்று நினைத்திருக்கிறேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் சைக்கிளை விற்க நினைத்தேன். வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் எஞ்சினியர். மணியைத் தேடவில்லை. நேராகக் கவிழ்த்தார், கிரீஸைத் துடைத்தார், முத்திரையைப் படித்தார், சக்கரம் மாட்டும் வாய்களை அளந்தார். எல்லாம் சரியாகச் செய்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஆர் இந்த ஓட்டையப் போட்டது?"

"என் கூட்டாளிங்க."

"விசரன் போல கிடக்கு. ஓட்டை இல்லாட்டி மூண்டு மடங்கு தந்திருப்பன். பரவாயில்ல, இந்தப் போர்க்கைக் கழட்டி எறிஞ்சிட்டு வேற ஒண்டு தேடிப் போடுவன்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. விசரன், கிறுக்கன் என்பதும் சரிதான், நான் அதைவிட மோசமாக உன்னைத் திட்டியிருக்கிறேன். ஆனால் அது நான் திட்டுவதற்கு, கொழும்பிலிருந்து ஏசி வண்டியில் வந்தவர் திட்டுவதற்கு இல்லை.

"அந்த ஓட்டை இல்லாட்டி விக்க நான் இருந்திருக்க மாட்டேங்க," என்றேன். "நீங்க போயிட்டு வாங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் மனம் இல்லை. அவர் போனதும் பிரேக்கை எடுத்து அதே துளையில் பூட்டினேன். லீவரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். நீ போனதிலிருந்து எந்த சைக்கிளையும் நான் அப்படித்தான் வெளியே விடுகிறேன், யாரும் சொல்லாமலே.

உன்னை இப்போதும் பெரிய ஆள் என்று நினைக்கவில்லை. மரை தெரியாதவன், முத்திரை தெரியாதவன், மணியடித்து விலை சொன்னவன். உன் உளி என்னைக் கொல்லப் பார்த்தது, மரை போனது தெரிந்தும் ஏறி ஓட்டியவன் நான். ஆனால் அன்றைக்கு நீ கேட்டாயே, ஏன் கை நடுங்குகிறது என்று. நான் சொன்னது பொய். நடுங்கியது மேட்டாலும் இல்லை, தள்ளியதாலும் இல்லை. நீ பூட்டிய பிரேக்கைப் பிடித்த கைடா அது.