குண்டுப் புத்தகம் ஜெயித்தது எப்படி

கிள்ளான்,
புதன் இரவு.

அன்பும் பயமும் கலந்த வணக்கம், அப்பா.

நானும் அம்மாவும் நலம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச் லைட்டோடு இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். போனில் சொல்ல முடியாது. தேர்வு முடியும்வரை என் கைப்பேசி அம்மாவிடம். அம்மா பேசும்போதோ ஸ்பீக்கரில்தான் பேசுவார், பக்கத்து வீட்டு வள்ளியம்மா ஆன்டிக்கும் கேட்கும். நாளைக் காலை உங்கள் மாணவர் விமலன் அண்ணன் நீங்கள் இருக்கும் ஜப்பானுக்கே விமானம் ஏறுகிறார். முறுக்கு டப்பாவுக்குள் அடியில் இதை வைத்து அனுப்புகிறேன்.

உங்கள் முதுகலை வகுப்புக்குத் துகள் இயற்பியல் பரிசோதனைப் பாடநூல் தேர்ந்தெடுக்க இரண்டு மாதிரிப் புத்தகங்கள் வைத்துவிட்டுப் போனீர்களே, ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. படிக்கப் போகிறவர்களே சொல்லட்டும் என்று ஆறு மாணவர்களையும் கருத்து எழுதச் சொன்னீர்கள். அவர்களும் மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி, இரண்டு அட்டைகளிலும் ஆளுக்கு ஒன்று ஒட்டி, நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சரஸ்வதி பூசை அன்று அம்மா, "வீட்டில் இருக்கிற எல்லாப் புத்தகத்தையும் சாமி முன்னால் அடுக்கு, சந்தனம் குங்குமம் வை" என்றார். ஒட்டுத்தாள் மேல் சந்தனம் பட்டுவிடுமே என்று பன்னிரண்டையும் உரித்தேன். இடப்பக்கம் இருந்த ஒல்லிப் புத்தகத்தின் தாள்களை அலமாரியின் இடது கதவிலும், வலப்பக்கக் குண்டுப் புத்தகத்தின் தாள்களை வலது கதவிலும் ஒட்டினேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் குளிக்கப் போன நேரத்தில், பார்க்க அழகாக இல்லை என்று அம்மா அந்த இரண்டையும் இடம் வலமாக மாற்றி வைத்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. மறுநாள் பள்ளி வேன் ஹாரன் அடிக்க அடிக்க, ஒன்றையும் படிக்காமல் இடதை இடதிலும் வலதை வலதிலும் ஒட்டிவிட்டு ஓடினேன்.

அன்று மாலை அம்மா இரண்டு அட்டைகளையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினார். குண்டுப் புத்தகமா ஜெயித்தது என்று நீங்களே ஆச்சரியப்பட்டு, அதையே வாங்கச் சொல்லிவிட்டீர்களாம். அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. பூசையின்போது சரஸ்வதி படத்திலிருந்து ஒரு பூ அந்தப் புத்தகத்தின் மேல்தான் விழுந்ததாம். மின்விசிறி ஐந்தாம் எண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது, அப்பா. அதை நான் சொல்லவில்லை.

இன்று முறுக்கு வாங்க செந்தூலிலிருந்து விமலன் அண்ணன் வந்தார். அது இன்னும் சுட்டு முடியவில்லை, நாளைக் காலை விமானத்துக்குப் போகும்போது வந்து எடுத்துக்கொள்வார். அம்மா அடுப்படிக்குப் போனதும் மெதுவாக என்னிடம், "சாருக்கு எங்க மேல கோபமா லா? ஆறு பேரும் குண்டு வேணாம்னுதானே எழுதினோம்" என்றார். ஆய்வுக்கூடத்துக்குத் தாமதமாக வந்ததற்கு நீங்கள் கொடுத்த தண்டனை என்று கூடப் படிக்கும் ஜாகிர் அண்ணன் சொல்கிறாராம். உங்களிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லையாம்.

அவர் போனதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒல்லிப் புத்தகத்தின் மேல் ஷைமா அக்காவின் தாள்: "640ஆம் பக்கம் வரை வந்துவிட்டேன், இன்னும் ஒரு கருவியைக்கூடக் கண்ணில் காட்டவில்லை." அந்தப் புத்தகத்தில் மொத்தமே 318 பக்கங்கள்தான்! அம்மா எடுத்த படத்தில் அந்த எண்ணை அவருடைய கட்டைவிரல் மறைத்திருக்கும். குண்டுப் புத்தகத்தின் மேல் ஜாகிர் அண்ணன், "கையில் தூக்க லேசு, மண்டையில் ஏறவும் லேசு" என்று எழுதியிருக்கிறார். கேலி என்று நினைத்திருப்பீர்கள். அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

வெள்ளிக்கிழமை துறை அலுவலகம் புத்தகங்களுக்கு ஆர்டர் அனுப்புகிறது, அனுப்பினால் திருப்ப முடியாது என்று விமலன் அண்ணன் சொன்னார். தயவுசெய்து அதற்குள் அவர்களுக்கு எழுதி மாற்றிவிடுங்கள். ஆறு பேரும் ஒரு வருடம் அதைச் சுமக்க வேண்டியது என்னால்தான் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் மட்டும், நீங்களே யோசித்து மாற்றியதாகச் சொல்லுங்கள். பூ விழுந்த கதை இதற்குள் பக்கத்து ஊர் மேரு வரை போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாள்களைச் சரியாக மாற்றி ஒட்டியபோது ஒல்லிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பதினோரு பக்கம் படித்துவிட்டேன். பாதி புரியவில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று இந்த நிமிடமும் நம் கூரையைத் துளைத்து, என் போர்வையையும் துளைத்துப் போகிறதாம், அதை எண்ணக்கூட முடியுமாம். உண்மையா அப்பா? உங்களைத் தவிர யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஸ்பீக்கரில் கேட்டாலும் பரவாயில்லை. உங்கள் புத்தகங்களை இனித் தொடாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்,
மகள் மலர்.