புளிக் கொட்டகையில் காவேரி படித்த கதை

ஊருக்கு முன்னால் அண்ணி என்றும், ஆளில்லாத இடத்தில் அடியே என்றும் நான் கூப்பிட்ட என் காவேரிக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் புளி நன்றாகக் காய்த்திருக்கிறது. மாசியிலேயே உலுக்கிக் காயவைத்து, பங்குனி பிறந்ததும் உன் வீட்டுத் தகரக் கொட்டகையில் தட்ட உட்கார்ந்துவிட்டோம். ராஜம்மா, பழனியம்மா, நான். உன் பிளாஸ்டிக் நாற்காலியில் பழனியம்மா தன் சோற்றுப் பையை வைத்தாள். நீ இருந்திருந்தால் அவள் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. பொம்மிடிப் பக்கம் கோடை என்றால் புளிதான். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லில் வைத்துச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். கையெல்லாம் பிசுக்காகிவிடும், எதையும் தொட முடியாது. அதனால் எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி மட்டும் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு சத்தமாகப் புத்தகம் வாசிப்பாள். அவள் பங்குப் புளியையும் மற்றவர்கள் தட்டிக் கொடுத்துவிடுவோம். வாசிக்கிறவள் எப்போதும் காவேரிதான். வேறு யாருக்கும் அந்த வேலை கிடைத்ததில்லை, கேட்கும் தைரியமும் இருந்ததில்லை.

இந்த வருடம் யார் வாசிப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாசிக்க வராமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் உன்னைவிட நான்தான் தெளிவாக வாசிப்பேன், அது உனக்கும் தெரியும். உன் நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதனால் ஓசூரில் வேலை பார்க்கும் உன் மகள் அனிதாவிடம் சொல்லி, என் போனில் ஒலிப்புத்தகம் போட்டுக்கொண்டேன். கூடவே ஒரு சின்ன ஸ்பீக்கரும் வாங்கி அனுப்பினாள்.

முறைக்காதே. போன வருடம் அனிதா உனக்கு இதையே போட்டுக் கொடுத்தபோது நீ என்ன சொன்னாய்? "கண்ணு நல்லா இருக்கறவளுக்கு எதுக்குடி இது? காதுல ஊத்திக்கறதெல்லாம் படிப்பா?" என்றாய். நான் கேட்கிறேன், நீ வருடா வருடம் எங்கள் காதில் ஊற்றியது மட்டும் என்னவாம்?

ஆனால் எனக்கு ஒலிப்புத்தகம் தேவைப்பட்டது கதைக்காக மட்டும் இல்லை. அண்ணனுக்காக. நீ போன பிறகு அவர் கல்லையும் சுத்தியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். தனியாக உட்கார்ந்து தட்டுகிறார். சோறு போட்டால் சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவரைத் திரும்பக் கொட்டகைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். இந்தக் கோடையில் எனக்கு இருந்த ஒரே காரியம் அதுதான். அதனால் ஸ்பீக்கரைப் பின்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

கேட்டவற்றைப் பற்றி என் கருத்தைச் சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. முதலில் ஒரு ராஜா கதை போட்டோம். வரிக்கு வரி குதிரைக் குளம்பும் முரசும். "கத சொல்றானா, தேர் இழுக்கறானா?" என்று ராஜம்மா கேட்டாள். அடுத்து ஒரு குடும்பக் கதை. வாசித்த பெண்ணுக்கு நல்ல குரல்தான். ஆனால் அழ வேண்டிய இடம் வருவதற்கு முன்பே அவள் அழுதுவிடுகிறாள், நமக்கு மிச்சம் வைப்பதில்லை. துப்பறியும் கதை ஒன்று பரவாயில்லை. கொலைகாரனைப் பழனியம்மா பாதியிலேயே பிடித்துவிட்டாள், அதற்குப் பிறகு அவளோடு வேலை செய்வது பெரும் பாடாகிவிட்டது.

ஒலிப்புத்தகத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது அது நிற்பதில்லை. நீ பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கடைசிப் பெட்டி போகும்வரை காத்திருப்பாய், அந்த இடைவெளியில் நாங்கள் கதையில் உள்ளவர்களைத் திட்டித் தீர்ப்போம். இப்போது சேலம் பக்கம் ஒரு வண்டி போனால் ஒரு கல்யாணமே முடிந்துவிடுகிறது. யாருக்கு யார் மாப்பிள்ளை என்று தெரியாமல் தவித்திருக்கிறோம்.

இவற்றில் எதுவும் அண்ணனைக் கொண்டுவரவில்லை. ஒருநாள் போனில் தேடும்போது, போன கோடையில் நீ வாசித்த அந்த நாவல் கண்ணில் பட்டது. துறைமுக ஊரில் இட்லிக் கடை நடத்துகிற புருஷன் பெண்டாட்டி கதை. அதைப் போடு என்று ராஜம்மாவும் பழனியம்மாவும் ஒரே பிடியாக நின்றார்கள். நான் அதைப் புத்தகமாகப் படித்ததில்லை. நீதான் முழுக்க வாசித்துவிட்டாயே, பிறகு எனக்கு எதற்கு?

போட்டேன். கடைக்காரன் அடுப்புப் பற்றவைக்கிற முதல் அத்தியாயம் முடிவதற்குள் பின்பக்கம் சுத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கல்லோடு வந்தார். யாரையும் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் கதையில் கடைக்காரன் பெண்டாட்டி தனம் காய்ச்சலில் படுத்தாள். எங்களுக்குப் பயமில்லை. அவள் தாய் வீட்டுக்குப் போவாள், வைத்தியம் பார்ப்பாள், தேறி வருவாள். நீ அப்படித்தானே வாசித்தாய்? போனில் வாசித்தவர் நிதானமான குரலில், தனம் செத்துப்போனாள் என்றார்.

சுத்திகள் எல்லாம் நின்றுவிட்டன. ராஜம்மாதான் முதலில் கத்தினாள். "ஏ சுமதி, போன்காரன் தப்பாப் படிக்கறான்! தனம் எங்க செத்தா? அவதான் ஆத்தா வூட்டுக்குப் போயி தேறி வந்தாளே!"

"எனக்கு அப்பவே சந்தேகம்" என்றாள் பழனியம்மா. "திரும்பி வந்ததுலருந்து அவ எப்பப் பாத்தாலும் உள்ளயே மாவரைச்சிக்கிட்டு இருந்தா. ஒரு நாளாச்சும் வெளிய வந்து ஒரு வார்த்த பேசுனாளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன கோடையில் நீ வாசித்தபோது பாதிக் கதைக்கு மேல் தனம் உள்ளே மாவரைத்துக்கொண்டே இருந்தாள். கடைக்கு ஆள் வந்தால், தனம் உள்ளே மாவரைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பெண் பார்க்க வந்தால், தனம் உள்ளே மாவரைத்துக்கொண்டிருந்தாள். இந்த எழுத்தாளருக்கு வேறு வேலை தெரியாதா என்று நான்கூடக் கேலி செய்தேன். நீ பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "அவளுக்கு வேல இருக்குது, நீ புளியத் தட்டு" என்றாய். செத்தவளை எழுப்பி, வெளியே காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மாவரைக்க உட்காரவைத்திருக்கிறாய்.

ஏன் என்று யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. போன கோடையில் நீ தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாய். கேட்டால் கால் வலி என்றாய். என்ன நோய் என்று ஆடியில்தான் எங்களுக்குச் சொன்னாய். அந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டிய நாளில் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எதிரில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கண் முன்னால் அந்த வரி, வாயில் வேறு வரி. உன் குரல் கொஞ்சமாவது தடுமாறியதா? எனக்கு ஞாபகமே இல்லையே, காவேரி.

இதெல்லாம் மனதில் ஓடுகிறது, போனும் ஓடுகிறது. தனத்தைக் குளிப்பாட்டுகிறார்கள், தூக்குகிறார்கள். அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. நான் எழுந்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தொட்டேன். பிசுக்கு விரலுக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. தேய்க்கிறேன், அழுத்துகிறேன், அது பாட்டுக்குப் படிக்கிறது. அன்றைக்குப் பார்த்து ஒரு ரயிலும் வரவில்லை. பாடுபட்டுக் கொட்டகைக்குள் கொண்டுவந்த மனுஷனை நானே திரும்பப் பின்பக்கம் விரட்டிவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உடு சுமதி. ஓடட்டும்" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா, எனக்குத் தெரியாது, காவேரி இப்பிடிப் படிக்கல..."

"எனக்கு அப்பவே தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பையில இந்தப் புஸ்தகத்தத்தான் வெச்சிருப்பா. அவள உள்ள கூப்புட்டதும் வெளிய உக்காந்து நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவ இங்க வந்து படிக்கறதுக்கு முன்னாடியே தனம் செத்தது எனக்குத் தெரியும். அவ அதத் தாண்டிப் படிச்சா பாரு, அப்பத்தான் இது கால் வலி இல்லன்னு எனக்கு வெளங்குச்சு."

"நீங்க கேக்கலியா?"

"கேக்கல. எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ்ளோ பாடுபடறா. சரி, தெரியாமலே இருப்போம்னு இருந்துட்டேன்."

வாழ்நாளில் பேருந்துப் பலகை தவிர வேறு எதையும் படிக்காத மனுஷன் என்று உன் புருஷனை எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு நாவலை எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். நீயும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி ஒன்றும் தெரியாமல் புளி தட்டியிருக்கிறேன். உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு இன்னும் கோபம்தான். அன்றைக்கு உங்கள் இரண்டு பேரையும் எனக்கு ரொம்பப் பிடித்தும் போனது.

அதோடு விட்டாரா? நாவலைப் பற்றித் தன் கருத்தையும் சொன்னார். "அந்தக் கடக்காரன் செரியில்ல. பொண்டாட்டி படுத்துக் கெடக்கறா, இவன் கல்லாவுல உக்காந்துக்கிட்டு கடலப் பாத்துக்கிட்டு இருக்கறான். ஒரு கஞ்சி வெச்சுக் குடுக்கத் துப்பில்ல." ராஜம்மா கடைக்காரனுக்குப் பரிந்து பேசினாள். பழனியம்மா இரண்டு பேரையும் மறுத்தாள். சாயங்காலம்வரை சண்டைதான். நீ இருந்தபோதுகூட இவ்வளவு நல்ல சண்டை நடந்ததில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

மறுநாள் காலையில் அண்ணன் நாற்காலியிலிருந்த சோற்றுப் பையை எடுத்து ஆணியில் மாட்டினார். உன் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை நாற்காலியில் வைத்தார். "போன் வேணாம் சுமதி. ரயிலு போறப்ப நிக்க மாட்டேங்குது. நீ படி. ஆனா அவ மாதிரி படிக்காத. இருக்கறத இருக்கற மாதிரியே படி" என்றார். நான் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தை அவசரமாக வாசித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்திலிருந்து சரியாகிவிட்டது. உன்னைவிட நன்றாகவே வாசிக்கிறேன் என்று பழனியம்மா சொல்கிறாள். பழனியம்மா பொய் சொல்ல மாட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து புளி வாங்க ஒருவர் வந்தார். போன வருடம் வந்தவர்தான். நீ போனது அவருக்குத் தெரியாது. நாற்காலியில் என்னைப் பார்த்துவிட்டு, "காவேரியம்மா எங்கங்க? சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். அண்ணன் நிமிராமல் புளியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"உள்ள மாவரைச்சிக்கிட்டு இருக்கறா."

வந்தவர் தலையாட்டிவிட்டு மூட்டையைப் பார்க்கப் போனார். ராஜம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "படி சுமதி" என்றாள். நான் விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

காவேரி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் அலமாரியில் இருக்கிற அத்தனை புத்தகத்தையும் இந்தக் கொட்டகையில் வாசித்து முடிப்பேன். ஒரு வரியும் தாண்ட மாட்டேன். யார் செத்தாலும் செத்தார்கள் என்றே படிப்பேன், அண்ணனிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன். அந்த ஒரு நாவலை மட்டும் தொடமாட்டேன். அது நீ படித்தபடியே இருக்கட்டும்.

பள்ளிக்கூட பெஞ்சில் உன் பக்கத்து இடத்துக்காரி, பிறகுதான் உன் நாத்தனார்,
சுமதி