பிரமிளாவிடம் இருக்கும் என் குரல்

13-7-98, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஸ்வெட்டர் ஈரம். வாய் திறக்காமல் மூன்றாம் நாள். பள்ளிக்கூடத்தில் இப்படி முதல் நாள்.

சனிக்கிழமை தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். கத்திக் கத்திக் குரல் நாண் காய்த்துப் போயிருக்கிறதாம். பத்து நாள் "ஒந்து மாதூ ஆடபாரது" என்றார் கன்னடத்தில். ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுத்தால் இன்னும் கெடுதல். ஆறாவிட்டால் ஆபரேஷன். அப்புறம் டீச்சர் வேலையை மறந்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் 'ஆஸ்டின் டவுன்' என்று எழுதிக் காட்டினேன். காதும் கேட்காது என்று நினைத்துக் கண்டக்டர் காதருகே கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

லீவு ஒன்றும் மிச்சமில்லை. மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே தீர்ந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் சொன்னது: "சும்மா வந்து உக்காருங்க வசந்தா மிஸ். பிள்ளைங்க முன்னால பெரியவங்க ஒருத்தர் இருந்தா போதும்." பதினோரு வருஷத்துக்கு இந்த மரியாதை.

மூன்றாம் வகுப்பு, 46 பேர். ஒரே ஹால், நடுவில் பலகைத் தட்டி, அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு. அவர்கள் சத்தத்துக்கு மேல் நான் கத்தணும், என் சத்தத்துக்கு மேல் அந்த மிஸ் கத்தணும். தொண்டை போகாமல் என்ன செய்யும்?

ஏற்பாடு: நான் போர்டில் எழுதுவது. லீடர் பிரமிளா அதை உரக்கப் படிப்பது. அடக்க, மேஜையில் பித்தளை மணி.

14-7, செவ்வாய்

மழை இல்லை, குளிர். ஏற்பாடு நடக்கிறது.

முடிந்தவை: ஆறாம் வாய்ப்பாடு. சொல்வதெழுதுதல் 10. கன்னட நோட்டு பாதி திருத்தம். சாக்பீஸ் டப்பா காலி, கேட்க வேண்டும் (எழுதிக் கேட்க வேண்டும்).

பிரமிளா கெட்டிக்காரி. நான் எழுதி முடிக்குமுன்பே படித்துவிடுகிறாள். சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, வழக்கத்தைவிட அமைதியா இருக்கே!"

வீட்டில் இவரும் அதே பாட்டு. "நம்ம வீடுதானான்னு சந்தேகமா இருக்கு. பத்தே நாள்தானா?" தட்டைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தேன்.

ஆறு பீரியட். வெளியே போக முடியாது, உள்ளே பேச முடியாது. மத்தியானம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

15-7, புதன்

லேசான வெயில். துவைத்தது காயும்.

காலையில் இரண்டு பேர் குசுகுசு. நான் மணியைத் தொடுமுன் பிரமிளாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "'இனி பேச மாட்டேன்'னு அம்பது தடவை எழுது." நான் வழக்கமாகக் கொடுக்கும் தண்டனைதான். விட்டுவிட்டேன்.

அப்புறம் கணக்கு. போர்டில் 7 x 8. ரெஜினாவை எழுப்பினாள். கடைசி பெஞ்சு. மந்தம் என்று போன டேர்ம் ரிப்போர்ட்டில் நான் எழுதிய பெண். எழுந்து நின்று தரையைப் பார்த்தாள்.

பிரமிளா இடுப்பில் கை வைத்தாள். சாக்பீஸால் மேஜையைத் தட்டினாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? எத்தன தடவ சொல்றது? தலைக்குள்ள களிமண்ணா?" கொஞ்சம் நிறுத்தி, மோட்டுவளையைப் பார்த்து, "ஐயோ கர்மமே!"

எல்லாம் நான். அந்த நிறுத்தம்கூட.

வகுப்பு சிரிக்கும் என்று நினைத்தேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் புதுசாக எதுவும் இல்லை. ரெஜினா யாரும் கேட்காமலே உள்ளங்கையை நீட்டினாள், ஸ்கேல் அடிக்கு.

மணி அடித்தேன். உடனே 46 பேரும் கை கட்டி, உதட்டில் விரல். பிரமிளா பாராட்டு எதிர்பார்த்து என்னைப் பார்த்தாள். அவமானமாக இருந்தது. எழுந்து ஓடலாம் போல. எங்கே ஓட?

16-7, வியாழன்

மறுபடி தூறல். குடை பஸ்ஸில் போச்சு.

மூன்றாம் பீரியட், கிறிஸ்தவப் பிள்ளைகள் தட்டிக்கு அந்தப் பக்கம் ஞானோபதேசத்துக்கு. மற்றவர்களுக்கு இங்கே என்னிடம் நீதிபோதனை. பாடம் 4: இனிய சொல். இதைப் பதினோரு வருஷம் தொண்டை கிழியக் கத்தி நடத்தியிருக்கிறேன். இன்று போர்டில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன்.

தட்டிக்கு அப்பால் ஒரு குழந்தை செபம் சொன்னது. நீளமான செபம், ஒரு தடங்கல் இல்லை. தெளிவான கணீர்க் குரல். யாரென்று தெரியவில்லை. முடிந்ததும் அங்கே சிஸ்டர், "வெரி குட் ரெஜினா."

ஜூனிலிருந்து என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். போன வருஷம் இரண்டாம் வகுப்பிலும் நான்தான். இத்தனை நாளில் இந்தக் குரலை இன்றுதான் கேட்கிறேன். எப்படிக் கேட்டிருக்கும், நான்தான் கத்திக்கொண்டிருந்தேனே.

நாளையிலிருந்து பிரமிளா வேண்டாம். ரெஜினா படிக்கட்டும்.

17-7, வெள்ளி

நாள் முழுக்க மூட்டம். எழுதவே பிடிக்கவில்லை.

ரெஜினாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். பிரமிளா முகம் அழுகைக்குத் தயார். போர்டில் சுலபமாக ஒரு வரி: 'இன்று வெள்ளிக்கிழமை.' ரெஜினா போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பெஞ்சிலிருந்து பிரமிளா, "வாயில என்ன கொழுக்கட்டையா?"

ரெஜினா திரும்பி அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், நான் சொன்னது போல.

பொறுக்கவில்லை. டாக்டரை மறந்து வாயைத் திறந்தேன். "பயப்படாதே" என்றுதான் சொன்னேன். கடவுள் சத்தியமாக அதைத்தான். வந்தது தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு, அதட்டல் போலவே. ரெஜினா அழ ஆரம்பித்துவிட்டாள். தொண்டை எரிகிறது. ஒரே ஒரு நல்ல வார்த்தைக்குக்கூட என்னிடம் குரல் இல்லை.

18-7, சனி, அரை நாள்

நல்ல வெயில். ரெஜினா வர மாட்டாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். எண்ணெய் வழிய வாரி, இரட்டைப் பின்னல்.

பேசினால்தானே வம்பு. அவள் நோட்டை வாங்கிச் சின்னதாக எழுதினேன்: 'நேற்று மிஸ் உன்னைத் திட்டவில்லை. நீ பேசினால் மிஸ்ஸுக்குப் பிடிக்கும்.' சிவப்பு மை. கையில் இருந்தது அதுதான். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவள் வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். தலையாட்டினாள். பென்சிலைச் சீவினாள். கீழே எழுத ஆரம்பித்தாள். பதில் எழுதுகிறாள் என்று எவ்வளவு சந்தோஷம்! வெகு நேரம் எழுதினாள். எட்டிப் பார்க்கப் போனேன்.

மார்ஜினில் 1, 2, 3 என்று எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'இனி பேச மாட்டேன்.' பதினேழாவது வரி ஓடிக்கொண்டிருந்தது.

பென்சில் பிடித்த கையைப் பிடித்து நிறுத்தினேன். தலை குனிந்தபடியே மற்ற கையை விரித்து நீட்டினாள்.