மூன்று துளைப் பொத்தான்

ஜனவரி 4

என் தங்கக் குருவிக்கு,

பாட்டி எழுதுவது. உன் அண்ணன் டாக்டராகிவிட்டான். உன் தங்கை நீச்சலில் கோப்பை வாங்கினாள். நீயோ மண்ணைப் பார்த்தே வயது சொல்கிறாய்! "அஞ்சாங்கிளாஸ்காரி பேத்தியா இது?" என்று எதிர்வீட்டுக்காரிக்கு வயிற்றெரிச்சல். எரியட்டும்.

உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். தாத்தா கொம்பில் செதுக்கிய பொத்தான்கள்தான். நாலு துளை போடத் தெரியாமல் மூன்று போட்ட மகராசன்! வேறு யாரிடமும் இருக்காது.

உன் பாட்டி

ஜனவரி 20

அன்புப் பாட்டிக்கு,

இந்தத் தாழ்ந்த சமவெளியில் குழாய் இறக்கி மண் எடுக்கிறோம். வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த வண்டல், அடுக்கு அடுக்காக. மேலே புதுசு, கீழே போகப் போகப் பழசு, இறுகிக் கல்லாகிக்கொண்டிருக்கும்.

நேற்று ஏழாயிரம் வருஷத்து அடுக்கை அறுத்தேன். உள்ளே ஒரு கொம்புப் பொத்தான். மூன்று துளை! "எங்க தாத்தா எனக்கு முன்னாடியே வந்துட்டாரு போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். படம் வைத்திருக்கிறேன்.

குருவி

பிப்ரவரி 2

கண்ணு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் பொத்தான் ஓரத்தில் ஒரு கீறல். தாத்தாவின் உளி வழுக்கியதால் விழுந்தது. அதே பொத்தான் இங்கே ஸ்வெட்டரில் இருக்கிறது, மேலிருந்து மூன்றாவதாக. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அது அங்கே வராவிட்டால் மண்ணுக்குள் எப்படிப் போகும்?

பாட்டி

பிப்ரவரி 19

பாட்டி,

ஸ்வெட்டர் வந்துவிட்டது! "அம்மாவுக்கு மறதி அதிகமாயிடுச்சு, நானே அனுப்பிட்டேன்" என்று சித்தப்பா எழுதியிருந்தார். கழற்ற மனசே வரவில்லை.

அந்த அடுக்கின் வயதை மறுபடி சோதித்தோம். அதே ஏழாயிரம். மேலே ஓர் அடுக்குகூடக் கலையவில்லை. அதனால் அங்கேயே குழி வெட்டுகிறோம். நாளை முதலில் இறங்குவது நான்தான். குழி ஓரத்தில் ஸ்வெட்டரோடு எடுத்த படம் இத்துடன்.

குருவி

மார்ச் 11

என் குருவிக்கு,

அந்தப் படம் வந்த பிறகு நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. "வேலை மும்முரம்மா" என்கிறான் சித்தப்பா. பெட்டியை உடைத்தவனோடு எனக்கென்ன பேச்சு?

உன் படத்தை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பொத்தான் இல்லை. நூல் மட்டும் தொங்குகிறது. இரட்டை நூலில் நான் இறுக்கித் தைத்தது, கண்ணு.

எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "பெரிய வேலையில இருக்கா" என்று சொல்லிவைத்தேன்.

எழுத நேரமில்லையென்றால் எழுத வேண்டாம். ஒரு புதுப் படம் மட்டும் தபாலில் போடு. ஸ்வெட்டர் போடாமல். மேலே, புது மண்ணில் நின்று எடுத்ததாக இருக்கட்டும்.

பாட்டி