எனக்கு நீ வைத்த பெயர்

ஊருக்கே பட்டப்பெயர் சூட்டிவிட்டுப் போன என் கோமளா அக்காவுக்கு,

நகரி எப்படி இருக்கிறது என்று கேட்பாய். விசைத்தறிகள் ஓடுகின்றன, வெயில் கொளுத்துகிறது. எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

நீ பெயர் வைத்தவர்கள் எல்லாம் சுகம். எதைக் கேட்டாலும் தெலுங்கில் "அலாகே", அப்படியே ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு ஒன்றும் செய்யாத கரண்டுக்காரர், உன் 'அலாகே சாமி', இன்னும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறார். செல்போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டுச் சண்டையைத் தெருவுக்கே கேட்க வைக்கும் 'ரேடியோ அத்தை' உன் காரியத்துக்கு வந்தபோதும் அதை அணைக்கவில்லை. நீ இருந்திருந்தால் அன்றைக்கே அவளுக்கு இரண்டாவது பெயர் விழுந்திருக்கும்.

வைத்த பெயர் உரியவர் காதில் மட்டும் விழக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். அப்படியென்றால் எனக்கும் ஒன்று இருந்திருக்குமே, அக்கா? நீ போன பிறகுதான் இது உறைத்தது. அதன்பின் தூக்கமே பிடிக்கவில்லை.

உன் பக்கத்துத் தறி செல்வியைக் கேட்டேன். "எனக்கின்னா தெரியும், போக்கா" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். புத்தூர்ச் சித்தி பேச்சை மாற்றினாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

புருஷன் விட்டுப் போனதை வைத்து ஏதாவது சொல்லியிருப்பாயோ? ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நீ சொல்லியிருந்தால் நான் தாங்கமாட்டேன். என்னைப் பார்க்கும்போது உன் கண்ணில் பட்டதும் அதுதானா?

நீ இல்லாமல் தனியாகிவிட்ட மாமாவுக்கு நேற்று தறிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோனேன். அந்தத் தறிச் சத்தத்தில் கத்தினால்தானே பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும்? நான் வாசலில் கால் வைக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. தறிகள் சட்டென்று நின்றன, செல்வியின் குரல் மட்டும் நிற்கவில்லை.

"அரநிமிசம் வந்துக்கினு கீது, அந்த ஸ்டூல நகத்துடி."

எங்கே போனாலும் "அரை நிமிஷம்தான், கிளம்பணும்" என்று நின்றபடியே பேசுகிறவள் நான்தானே. இவ்வளவுதானா? எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மாமா தூக்குவாளியை வாங்கி வைத்தார். "திருப்பதி ஆஸ்பத்திரில தெனமும் உங்கக்காவுக்கு இதாம்மா பேச்சு. நீ வந்துட்டுப் போனதும், அரநிமிசம் எதனா துன்னாளா, இல்ல நின்னுக்கினே போய்ட்டாளான்னு என்னைக் கேட்டுக்கினே இருப்பா."

நான் சாப்பிடவில்லை, அக்கா. உன்னை அந்தக் கட்டிலில் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று ஸ்டூலில் உட்கார்ந்து மாமாவோடு சாப்பிட்டேன். இனிமேல் என்னை அப்படியே கூப்பிடும்படி செல்வியிடம் சொல்லிவிட்டேன். உன் சட்டத்தை மீறியதற்கு என்னைத் திட்டு. வருகிற வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு முன்னால் படையல் போடும்போது நானும் இலை போட்டு உட்காருவேன். மோர்ச்சோறு முடியும்வரை எழுந்திருக்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அரநிமிசம்